லோர்டா, அன்விலா, கொடிக்காரரா? குள்ளர் படைக்கு நாலு கதிரை

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி போன போயா விடுமுறைக்கு வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறவன். கையில் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி. லண்டனில் இருக்கிற மாமா தான் இளந்தாரியாக இருந்தபோது சேர்த்த, வார்ஹாமர் என்ற மேசைப்போர் ஆட்டத்துக்கான குள்ளர் உருவங்களின் படையை அவனுக்கென்று கொடுத்துவிட்டிருக்கிறார். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைத்தான். கோடரி வீரர் அறுபது பேர், துப்பாக்கிக்காரர் இருபது பேர், ஒரு பீரங்கி, ஒரு கல்லெறி இயந்திரம். தலைவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

"அண்ணா, என்னட்ட இருக்கிற காசுக்கு ரெண்டு உருவந்தான் வாங்கலாம். லோர்டை எடுக்கவா, அன்விலை எடுக்கவா?"

அன்று பின்னேரம் முழுக்க இதைத்தான் பேசினோம். நான் சொன்னதை ஆறுதலாக எழுதி வைத்தால் இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் எந்த விதியில் விளையாடுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். வார்ஹாமர் 1983இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 2015இல் அந்தப் பழைய உலகத்தை மூடிவிட்டு ஏஜ் ஒஃப் சிக்மார் என்ற வேறு ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியில் தி ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில் அது திரும்ப வந்தது. எங்கள் வட்டம் இன்னமும் 2000ஆம் ஆண்டு வந்த 6ஆம் பதிப்பில்தான் விளையாடுகிறது. புத்தகங்கள் யாரோ ஒருவரின் சூட்கேஸில் வந்து சேர்ந்தவை. எல்லோரிடமும் அதுதான் இருக்கிறது. எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அந்தப் பதிப்பில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. 2000 புள்ளிப் படைக்கு நாலு தலைமைப் பாத்திரங்கள்தான். நாங்கள் அதை நாலு கதிரை என்போம். நாலில் ஒன்று மட்டும் பெரிய கதிரை. அதில்தான் லோர்ட் தரத்தில் ஒருவர் உட்காரலாம். மற்ற மூன்றிலும் ஹீரோ தரம். எல்லாக் கதிரையையும் நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

குள்ளர் படையில் அந்தக் கதிரைகளுக்குப் போட்டி போடுகிறவர்கள் இவர்கள். பெரிய கதிரைக்கு லோர்ட், அல்லது ரூன் என்ற மந்திர எழுத்துகளைப் பொறிக்கிற ரூன்லோர்ட். ரூன்லோர்ட் விரும்பினால் அன்வில் ஒஃப் டூம் என்ற மந்திரப் பட்டடையையும் கூடவே கொண்டுவரலாம். சின்னக் கதிரைகளுக்குத் தெய்ன் என்ற சின்னத் தலைவர், ரூன்லோர்டுக்கு அடுத்த தரமான ரூன்ஸ்மித், எஞ்சினியர், டிராகன் ஸ்லேயர். தெய்ன் ஒருவரிடம் படையின் பெருங்கொடியைக் கொடுத்தால் அவர் கொடிக்காரர். குள்ளர்களுக்கு மந்திரவாதி கிடையாது. யாரை எடுத்தாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும்.

ஒருவரையும் தெரிவதற்கு முதல் குள்ளரின் காலைப் பார்க்க வேண்டும். குள்ளர் நடக்கிற தூரம் 3 அங்குலம். விரைந்து நடந்தால் 6. மோதப் பாய்ந்தாலும் 6. மேசை நாலடி அகலம். ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் 12 அங்குலத்துக்குள் படையை நிறுத்துவதால் நடுவில் 24 அங்குலம் மிஞ்சும். எதிரி அசையாமல் நின்றால் அவனிடம் போய்ச் சேர நாலு சுற்று வேண்டும். ஆட்டமே ஆறு சுற்றுத்தான். எதிர்ப்பக்கத்துக் குதிரைவீரர்களோ 14, 16 அங்குலம் பாய்ந்து வருவார்கள். ஆகவே குள்ளர் போய் அடிக்கிற படை இல்லை. வருகிற அடியை வாங்கிக்கொண்டு நிற்கிற படை. தலைவர்களைத் தெரிகிறபோது "இவர் எத்தனை பேரைக் கொல்லுவார்?" என்பதைப் பிறகு கேட்கலாம். "இவர் பக்கத்தில் இருந்தால் எத்தனை பேர் ஓடாமல் நிற்பார்கள்?" என்பதை முதலில் கேட்க வேண்டும்.

தம்பி அதற்குத் தலையாட்டினான். ஆனால் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. அதனால் கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்டினேன்.

கைகலப்பில் ஒரு அணி தோற்றால் இரண்டு ஆறுபக்கத் தாயக்கட்டை உருட்ட வேண்டும். அதுதான் பிரேக் டெஸ்ட். கூட்டுத்தொகை அந்த அணியின் மனஉறுதியைச் சொல்லுகிற லீடர்ஷிப் எண்ணுக்குள் இருந்தால் நிற்கும், கூடினால் ஓடும். எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றதோ அவ்வளவை அந்த எண்ணில் இருந்து கழிக்க வேண்டும். சாதாரணக் குள்ளரின் லீடர்ஷிப் 9. இரண்டு வித்தியாசத்தில் தோற்றால் 7 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். இரண்டு கட்டை 36 விதமாக விழலாம். அதில் 21 நமக்குச் சாதகம். நூற்றுக்கு 58.

இப்போது லோர்ட் படைத்தலைவராக 12 அங்குலத்துக்குள் நிற்கிறார் என்று வையுங்கள். அவருடைய லீடர்ஷிப் 10. அதை அணி கடன் வாங்கலாம். 8க்குள் விழுந்தால் போதும். நூற்றுக்கு 72.

லோர்ட் இல்லை, கொடிக்காரர் மட்டும் 12 அங்குலத்துக்குள் நிற்கிறார் என்றால், தோற்ற பிரேக் டெஸ்டைத் திரும்ப ஒருமுறை உருட்டலாம். பழைய 7தான் வேண்டும், ஆனால் இரண்டு தடவை. நூற்றுக்கு 83.

இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தால் 92.

மூன்று வித்தியாசத்தில் தோற்கிற மோசமான சுற்றிலும் வரிசை மாறாது. ஒருவரும் இல்லாமல் 42. லோர்டோடு 58. கொடியோடு 66. இருவரோடும் 83.

இனி விலையைப் பாருங்கள். தெய்ன் 65 புள்ளி, கொடிக்கு 25, மொத்தம் 90. லோர்ட் வெறும் உடம்போடு 145. அவரைக் கேடயம் தூக்கிகளின் மேல் ஏற்றி, அனுமதித்த 125 புள்ளிக்கும் ரூன் பொறித்தால் 300ஐத் தொட்டுவிடுவார். கொடிக்காரருக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்கு இன்னொரு இருபது வீரர் கொண்ட அணி வந்து நிற்கும். மூன்றில் ஒரு பங்கு விலையில் கொடிக்காரர் கூடுதலாகக் காப்பாற்றுகிறார் என்றால், முதல் கதிரை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதோடு அவர் நிற்கிற அணி கைகலப்பில் இருந்தால், வெற்றிக் கணக்கில் கொடிக்கென்று ஒரு புள்ளி தனியாகச் சேரும்.

நம் பழைய அரசர்கள் கொடிக்குக் கொடுத்த இடம் இந்த விதியை எழுதியவர்களுக்கும் விளங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். சேரன் வில், சோழன் புலி, பாண்டியன் கயல் என்று கொடியைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரி. களத்தில் தூசி கிளம்பி அரசன் முகம் தெரியாமல் போனாலும் கொடி தெரியும். கொடி நிற்கிறவரைக்கும் ஆள் நிற்கும்.

கொடிக்காரருக்குக் குறையும் உண்டு. ஒரு கை கொடிக்குப் போய்விடுவதால் பெரிய கோடரியைத் தூக்க முடியாது. எதிரியின் நல்ல வீரன் வந்து மோதினால் தாங்க மாட்டார். அவர் விழுந்தால் எதிரிக்கு 100 வெற்றிப் புள்ளி. கொடிக்காரர் படைத்தலைவராகவும் இருக்க முடியாது என்பதால் இன்னொருவரைக் கட்டாயம் எடுக்கவேண்டும். அது தெய்னாகவும் இருக்கலாம், ரூன்ஸ்மித்தாகவும் இருக்கலாம், லோர்டாகவும் இருக்கலாம்.

லோர்டின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கொடி உதவாத ஒரு இடம் இருக்கிறது: பனிக் டெஸ்ட். பக்கத்து அணி ஓடும்போதும், சுடுபட்டு நாலில் ஒரு பங்கு ஆள் விழும்போதும் உருட்டுகிற சோதனை அது. 6ஆம் பதிப்பில் கொடியின் மறு உருட்டல் பிரேக் டெஸ்டுக்கு மட்டும்தான். பனிக் வந்தால் லோர்டின் 10தான் கைகொடுக்கும். 9இல் நூற்றுக்கு 83, 10இல் 92. ஆறில் ஒருமுறை ஓடுகிற படை பன்னிரண்டில் ஒருமுறை ஓடுகிற படையாக மாறுகிறது. எல்ஃப் வில்லாளிகளோடு விளையாடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், எதிரித் தலைவன் தனிச்சண்டைக்குக் கூப்பிடும்போது முன்னால் போய் நிற்க ஒருவர் வேண்டும். லோர்டுக்கு மூன்று உயிர், தெய்னுக்கு இரண்டுதான்.

லோர்டைக் கரம் போர்டில் இருக்கிற சிவப்புக் காய் மாதிரி நினைக்கச் சொன்னேன். அதை எடுத்தால் மதிப்புத்தான். ஆனால் பின்னாலேயே கவர் எடுக்காவிட்டால் திரும்ப மேசைக்குப் போய்விடும். 300 புள்ளிக்கு ஒரு லோர்டைச் செய்து, அவரைப் பதினைந்து பேர் கொண்ட மெலிந்த அணியில் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரி பக்கவாட்டில் வந்து மோதியதும் அணி உடையும். லோர்டும் சேர்ந்து ஓடுவார். பிடிபட்டால் அவருடைய 300உம் போய், படைத்தலைவர் விழுந்ததற்கு 100உம் போகும். லோர்ட் வேண்டும் என்றால் எடுங்கள். ஆனால் மலிவாக எடுங்கள். ஒரு பெரிய கோடரி, கவசத்துக்கு ஒரு ஸ்டோன் ரூன், 200க்குள் நிறுத்திவிடலாம். கேடயம் தூக்கிகள் பார்க்க அழகுதான். மெதுவாக நடக்கிற, அடி வாங்கி நிற்கிற ஒரு படையில் அந்தப் புள்ளி சாதாரண வீரர்களுக்குப் போவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கொடியும் உதவாத ஒரு நாளைப் பற்றியும் சொன்னேன். அது நடக்காமல் விட்டிருந்தால் ரூன்ஸ்மித்தை நான் இன்றைக்கும் கணக்கில் எடுத்திருக்க மாட்டேன்.

2022 ஏப்ரல். மின்வெட்டு நேரத்தைப் பார்த்து ஆட்டத்தைத் தொடங்கிய காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தது. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கடல்காற்று வருகிற பக்கமாக நின்று விளையாடுவோம். இருட்டினால் சார்ஜ் லாம்பு. அன்று எதிரில் இருந்தவர் தெஹிவளையில் இருந்து வருகிற நண்பர். வாம்பயர் கவுண்ட்ஸ் படை. பிணங்கள், எலும்புக்கூடுகள், நடுவில் ஒரு வாம்பயர்.

என் கோடரி வீரர் இருபது பேர், அவருடைய நடைப்பிணங்களான சொம்பிகள் பதினெட்டு. சொம்பிகளுக்குள் வாம்பயர். நான்கு அங்குலத்துக்குள் என் கொடிக்காரர் நிற்கிறார். நான் நிம்மதியாக இருந்தேன். அவருடைய மந்திர நேரம் வந்தது. பிணங்களை எழுப்புகிற மந்திரத்தைப் போட்டார். மந்திரத்தை மறிக்கிற என் பக்கத்துத் தடுப்புக் கட்டைகளை முதல் இரண்டு மந்திரத்துக்கே செலவழித்துவிட்டேன். லாம்பு வெளிச்சத்தில் அவர் பெட்டியைத் திறந்து சொம்பிகளை ஒவ்வொன்றாகப் பின்வரிசையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு இருபத்தாறு ஆனது. பிறகு கைகலப்பு. வாம்பயர் மூன்று பேரைக் கொன்றான். நான் சொம்பிகளை வெட்டினேன். எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளியில் நான் தோல்வி.

நான் கட்டையைக் கையில் எடுத்தேன். "மச்சான், உருட்டத் தேவையில்ல" என்றார் அவர். விதி அதுதான். அச்சம் ஊட்டுகிற எதிரியிடம் தோற்று, அந்த எதிரி எண்ணிக்கையிலும் கூட இருந்தால், அணி தானாகவே உடையும். பிரேக் டெஸ்ட் இல்லை. டெஸ்ட் இல்லாத இடத்தில் மறு உருட்டலும் இல்லை. நான்கு அங்குலத்தில் கொடி நின்றும் பிரயோசனம் இல்லை. இருபது பேரும் ஓடினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து அணி பனிக்கில் ஓடியது.

அந்தச் சண்டையைக் காப்பாற்றியிருக்கக் கூடியவர் ரூன்ஸ்மித். குள்ளரின் மந்திரத் தடுப்பு ஏற்கெனவே பலம்தான். எல்லாப் படைக்கும் இரண்டு தடுப்புக் கட்டை என்றால் குள்ளருக்கு நாலு. ரூன்ஸ்மித் இன்னொன்றைச் சேர்ப்பார், ரூன்லோர்ட் இரண்டைச் சேர்ப்பார். கட்டையை விட முக்கியம் அவர் சுமக்கிற ஸ்பெல்பிரேக்கிங் ரூன். ஒருமுறை மட்டும் பாவிக்கலாம். எதிரியின் ஒரு மந்திரம் கட்டை உருட்டாமலே அணைந்துவிடும். அன்று அந்த ஒரு மந்திரம் அணைந்திருந்தால் சொம்பிகள் பதினெட்டாகவே இருந்திருக்கும். ஒரு புள்ளியில் தோற்றிருந்தாலும் கட்டை உருட்ட இடம் கிடைத்திருக்கும்.

எதிரி நாலாம் தர மந்திரவாதி ஒருவரையும் இரண்டாம் தரத்தில் ஒருவரையும் கொண்டுவந்தால் அவரிடம் எட்டு மந்திரக் கட்டை இருக்கும். நாலு தடுப்புக் கட்டையால் அதில் ஒன்றிரண்டு மந்திரத்தைத்தான் மறிக்கலாம். மிச்சத்துக்கு ரூன்ஸ்மித் தேவை. அதற்காக இரண்டு ரூன்ஸ்மித் எடுக்கத் தேவையில்லை. எங்கள் வட்டத்தில் ஆறு பேர் விளையாடுகிறோம். அதில் மந்திரத்தை நம்பி வருகிறவர்கள் இரண்டு பேர்தான். உங்கள் வட்டத்தில் நாலு பேர் என்றால் என் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். யாரோடு விளையாடுகிறோம் என்று பார்க்காமல் தலைவரைத் தெரிய முடியாது.

சரி, அன்வில். தம்பியின் கண் முதலில் இருந்தே அதில்தான். குற்றம் சொல்ல முடியாது. பட்டடையின் பின்னால் சுத்தியலை ஓங்கிக்கொண்டு நிற்கிற கிழவர், இரண்டு பக்கமும் காவலர். குள்ளர் படையில் அதைவிட வடிவான உருவம் இல்லை என்று நானும் சொல்வேன். அடிக்கிற ஒவ்வொரு அடியும் மந்திரம் மாதிரி வேலை செய்யும். நம் அணி ஒன்றைக் கூடுதலாக ஒருமுறை நகர்த்தலாம். 3 அங்குலக் கால் உள்ளவனுக்கு அது பெரிய வரம். எதிரி அணியைச் சுட்டு, அதன் நடையையும் பாதியாக்கலாம். சாதாரணமாக அடித்தால் 2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். முழுப் பலத்தோடு அடிக்க 4 வேண்டும். அப்போது 1 விழுந்தால் அன்வில் பழுதாகிப் போகவும் கூடும்.

ஆனால் விலை. ரூன்லோர்டும் அன்விலும் சேர்ந்து 300க்கு மேல். பெரிய கதிரை போய்விடுகிறது. அவர் பட்டடையை விட்டு அசைய மாட்டார். பின்னால் நிற்பார். அவருடைய லீடர்ஷிப் முன்வரிசைக்கு எட்டாமல் போவது சாதாரணம். முன்னால் தனிச்சண்டைக்குக் கூப்பிட்டால் போக ஆள் இருக்காது. அன்வில் நல்லதா என்று கேட்டால் நல்லது, மிகவும் நல்லது. கைதேர்ந்த ஒருவர் கையில் அது ஆட்டத்தையே திருப்பும். எந்தச் சுற்றில் யாரை நகர்த்துவது, எப்போது முழுப் பலத்தோடு அடிப்பது என்று தெரிய இருபது முப்பது ஆட்டம் வேண்டும். முதல் படைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இதைச் சொன்னபோது தம்பியின் முகம் வாடியதைப் பார்த்தேன். ஆனாலும் அதுதான் என் முடிவு.

டிராகன் ஸ்லேயரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. மானம் போன குள்ளன் தலைமயிரைச் செம்மஞ்சளாகச் சாயம் பூசி நிமிர்த்திக்கொண்டு, கவசம் எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய எதிரி ஒருவன் கையால் சாகத் தேடிப் போகிறான். அவன்தான் ஸ்லேயர். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதியபோது முதுகில் புண்பட்டதற்காக வெட்கப்பட்டு வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனின் கதை தெரிந்தவனுக்கு இந்தப் பாத்திரத்தைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. ஸ்லேயர் ஒருநாளும் ஓட மாட்டான். பிரேக் டெஸ்டே இல்லை. அச்சம் ஊட்டுகிற படைக்கு எதிரே, என் இருபது பேர் ஓடிய அந்த இடத்தில், அவன் நின்றிருப்பான். எதிரி எவ்வளவு தடித்த தோலாக இருந்தாலும் அதற்கேற்ப அவன் அடியின் பலமும் ஏறும்.

அவனுக்கு ஒரு கதிரை கொடுக்கலாமா? ஸ்லேயர் அணி ஒன்று இருந்தால் கொடுக்கலாம். அவனுடைய இடம் அவர்களுக்குள்தான். தம்பியின் பெட்டியில் ஸ்லேயர்கள் இல்லை. தனியாக விட்டால் கவசம் இல்லாத ஒருவன் மேல் எல்லா அம்பும் விழும். மனதுக்குப் பிடித்தவன், ஆனால் இந்தப் படைக்கு இப்போது வேண்டாம்.

எஞ்சினியருக்கு நான் கதிரை கொடுப்பதில்லை. பீரங்கி பழுதாகாமல் பார்த்துக்கொள்ள அதற்கென்றே ஒரு ரூன் இருக்கிறது, அதை இயந்திரத்திலேயே பொறித்துவிடலாம். கொடி இல்லாத வெறும் தெய்ன் மோசமில்லை, மலிவு. லோர்ட் வாங்கக் காசில்லாதவருக்கு அவரே படைத்தலைவர்.

இனி காசு. ஒற்றைத் தலைவர் உருவம் ஒன்று புதிதாக வாங்கினால் இப்போது 20 பவுணுக்கு மேல் வருகிறது. பவுண் 400 ரூபாய் அளவில் நிற்கும்போது 8,000 ரூபாய், அதற்கு மேல் பார்சல் செலவு. 2022இல் டொலர் 200இல் இருந்து 360 வரை ஏறியபோது எங்கள் வட்டத்தில் ஒன்றரை வருடம் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. அந்தக் காலத்தில்தான் இருக்கிறதைக் கொண்டு தலைவர் செய்யப் பழகினோம். கொடிக்காரரைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை என்பது அப்போது கற்றது.

தம்பியின் பெட்டியில் இருந்தே ஒரு வீரரை எடுத்தோம். தாடி நீளமான, வாய் திறந்து கத்துகிற ஒருவர். வலது கையில் இருந்த கோடரியின் பிடியை பிளேட்டால் மெதுவாக அறுத்து எடுத்துவிட்டு, முஷ்டியில் ஊசியால் துளை போட்டோம். தும்புக்கட்டையோடு சாத்தி வைத்திருந்த ஈர்க்குவிளக்குமாற்றில் இருந்து காய்ந்து இறுகிய ஈர்க்கு ஒன்றை உருவி, மூன்று அங்குலத்துக்கு வெட்டி அந்தத் துளையில் இறக்கினோம். சுப்பர்குளூ ஒரு சொட்டு. கொடிக்குக் கொப்பித் தாள். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசி, ஈரமாக இருக்கும்போதே பென்சிலில் சுற்றி வளைவு எடுத்தால் காய்ந்த பிறகு காற்றில் பறக்கிற மாதிரியே நிற்கும். மற்றவர்களில் இருந்து உயர்ந்து தெரிய, காலுக்குக் கீழே ஒரு சின்னக் கருங்கல் துண்டு. கொடியில் என்ன வரையலாம் என்று கேட்டான். உன் படை, உன் கொடி என்றேன். இரட்டைக் கயல் வரையப் போகிறானாம்.

பெயிண்ட் விஷயத்தில் ஒரு கவனம் சொல்ல வேண்டும். கடலோரத்தில் இருக்கிறவர்கள் ஸ்பிரே வார்னிஷை மழைக்காலத்தில் எடுக்காதீர்கள். காற்றில் ஈரம் கூடினால் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். நான் மூன்று கிழமை இருந்து பூசிய லோர்ட் ஒருவர் ஒரு மாலையில் சுண்ணாம்பு பூசியது போல ஆனார். அதன் பிறகு தூரிகையால் பூசுகிற வார்னிஷ்தான்.

தி ஓல்ட் வேர்ல்டில் தொடங்குகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. அங்கே நாலு கதிரைக் கணக்கு இல்லை. படையின் புள்ளியில் பாதிவரைக்கும் தலைவர்களுக்குச் செலவழிக்கலாம். அதனால் சபலமும் கூட. இன்னொரு வித்தியாசம் பிரேக் டெஸ்டில். தோல்வி வித்தியாசத்தைக் கழித்த எண்ணைத் தாண்டினாலும், கழிக்காத லீடர்ஷிப்புக்குள் விழுந்திருந்தால் அணி ஒழுங்காகப் பின்வாங்கும், சிதறி ஓடாது. உண்மையான ஓட்டம் கழிக்காத எண்ணைத் தாண்டினால்தான். 9 என்றால் நூற்றுக்கு 17, 10 என்றால் 8. ஆகவே அந்த ஆட்டத்தில் லோர்டின் இடத்தில் இருக்கிற கிங்கின் 10க்கு, எங்கள் 6ஆம் பதிப்பில் இருப்பதை விட மதிப்புக் கூட. அங்கே நான் தலைவரை முதலிலும் கொடிக்காரரை இரண்டாவதாகவும் எழுதுவேன். பழைய உருவங்களின் அடித்தட்டு 20 மில்லிமீட்டர், அங்கே குள்ளருக்கு 25. தட்டை அறுத்து ஒட்டத் தேவையில்லை. இடைவெளி விட்டு வெட்டிய தட்டத்தில் வைத்தால் சரி.

தம்பிக்கு வருகிறேன். இரண்டு உருவத்துக்குத்தான் காசு. கொடிக்காரர் பெட்டியில் இருந்தே வந்துவிட்டார். மிச்சம் இருக்கிற காசில் முதலில் ரூன்ஸ்மித், பிறகு லோர்ட். லோர்டுக்கு 200 புள்ளிக்கு மேல் போகக் கூடாது. எல்லோரையும் எங்கே நிறுத்துவது என்பதையும் அன்றே செய்து பார்த்தோம். ஒரு நூலை எடுத்துச் சரியாக 12 அங்குலத்துக்கு வெட்டி, ஒரு முனையை ஈர்க்கில் கட்டி, மறுமுனையைப் பிடித்துச் சுற்றிவரச் சொன்னேன். ஐந்து பேர் அகலமாக நிற்கிற குள்ளர் அணி நாலு அங்குலம்தான். மூன்று அணி பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூன்றும் நூலுக்குள் வரும். கொடிக்காரர் நடு அணியில், லோர்ட் இடப்பக்க அணியில். இருவரையும் ஒரே அணியில் போட்டால், அந்த ஒன்று உடைகிற அன்று எல்லாம் போய்விடும். ரூன்ஸ்மித் வலப்பக்கத்தில். துப்பாக்கிக்காரர் பின்னால் மேட்டில். பீரங்கி ஓரத்தில்.

நாலாவது கதிரையைக் காலியாக விடச் சொன்னேன். அந்தப் புள்ளிக்கு மூன்று அணியிலும் ஆள் கூட்டலாம். பெட்டியில் மிச்சம் வீரர் இருக்கிறார்கள். அச்சம் ஊட்டுகிற படையின் முன்னால் எண்ணிக்கையே கவசம். ஐந்தாறு ஆட்டம் விளையாடிய பிறகு, எங்கே உடைகிறது என்று அவனுக்கே தெரியும். அப்போது அது ஸ்லேயரா, இன்னொரு தெய்னா, லோர்டை இறக்கிவிட்டு அன்விலா என்று அவன் முடிவு எடுக்கட்டும்.

அடுத்த போயாவுக்கு முதல் ஆட்டம். எதிரில் தெஹிவளை நண்பர். இந்த முறை எத்தனை சொம்பி கொண்டுவரப் போகிறார் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. தம்பி நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். கொடியில் இரண்டு கயலும் பூசி முடிந்திருக்கின்றன. ஒரு மீனின் வால் கொஞ்சம் வளைந்திருக்கிறது. நூலை ஈர்க்கில் இருந்து அவிழ்க்காமல் அப்படியே விட்டிருக்கிறான்.